மூணு சர்வர் இருந்தும் சைட் ஏன் படுக்குது? நெரிசலைச் சமாளிக்க படிப்படியா ஒரு முழு வழிகாட்டி

கிருஷ்ணகிரியில மாங்கா சீசன் ஆரம்பிச்சா எங்க ஆர்டர் சைட்டுக்கு மொத்த கூட்டமும் ஒரே நேரத்துல வந்து நிக்கும். காலையில 10 மணிக்கு செந்தூரா, அல்போன்சா பெட்டி புக்கிங் திறப்போம், நாள் முழுக்க வரவேண்டிய ஆளுங்க முதல் அஞ்சு நிமிஷத்துல வந்துடுவாங்க. பின்னாடி ஒரே மாதிரி மூணு சர்வர், முன்னாடி ஒரு லோடு பேலன்சர் (வர்றவங்களை மூணுக்கும் பிரிச்சு அனுப்பறது), அவ்ளோதான் செட்டப்.

பர்கூர், ஓசூர் பக்கம் காலேஜ் முடிச்சிட்டு எங்ககிட்ட வேலைக்கு வர்ற தம்பி தங்கச்சிங்க எல்லாரும் சைட் திணறுனதும் சொல்ற முதல் வார்த்தை "அண்ணா, இன்னொரு சர்வர் போட்டுடலாம்". அந்த நாலாவது சர்வர் பெரும்பாலும் நிலைமையை இன்னும் மோசமாக்கும், ஏன்னு மூணாவது படியில சொல்றேன். கீழ இருக்கற வரிசையை மாத்தாம செய்யுங்க, ஒவ்வொரு படியும் முந்தின படியில கிடைச்ச நம்பரை வெச்சுதான் ஓடும்.

நான் சொல்றது ஹெச்ஏபிராக்ஸி (லோடு பேலன்சர்) முன்னாடி, என்ஜின்எக்ஸும் (வெப் சர்வர்) பிஎச்பி எஃப்பிஎம்மும் (பிஎச்பி கோடை ஓட்டறது) பின்னாடி, போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், இந்த அமைப்புக்கு. உங்களது வேறயா இருந்தா செட்டிங் பேர் மாறும், வரிசை மாறாது.

1. தொடங்கறதுக்கு முன்னாடி கையில இருக்க வேண்டியது

எல்லா சர்வர்லயும் கடிகாரம் ஒரே நேரம் காட்டணும். க்ரோனி (கடிகாரத்தைச் சரி பண்ற ப்ரோகிராம்) போட்டு ஓட விடுங்க. ஒரு சர்வர் 4 செகண்டு பின்னாடி இருந்தா மூணு லாக்கையும் சேர்த்துப் படிக்கும்போது எது முதல்ல நடந்துச்சுன்னே தெரியாது, இல்லாத தப்பைத் தேடி ஒரு ராத்திரி போயிடும்.

மூணு சர்வர்லயும் ஒரே கோடு, ஒரே கான்ஃபிக். இதைக் கையால பார்க்காதீங்க, ஒவ்வொரு சர்வரும் தன் வெர்ஷன் நம்பரைச் சொல்ற மாதிரி ஒரு சின்ன பக்கம் வெச்சுடுங்க.

செஷன் (வந்தவர் யாரு, கார்ட்ல என்ன இருக்குங்கற குறிப்பு) சர்வரோட டிஸ்க்ல இருக்கக் கூடாது, ரெடிஸ் மாதிரி எல்லா சர்வருக்கும் பொதுவான இடத்துலயோ டேட்டாபேஸ்லயோ இருக்கணும். இல்லைன்னா ஒருத்தர் அடுத்த சர்வருக்குப் போன உடனே கார்ட் காலியாயிடும்.

டெஸ்ட் பண்ண தனி மெஷின் ஒண்ணு. அதே சர்வர்ல இருந்து அதையே அடிச்சுப் பார்த்தா வர்ற நம்பரை நம்ப முடியாது, ரெண்டு வேலையும் ஒரே சிபியுவைத் தானே பிடுங்குது. டெஸ்ட் மெஷின்ல ஓப்பன் ஃபைல் லிமிட்டையும் பாருங்க, நிறைய லினக்ஸ்ல அது 1024-ல நிக்கும், அதைத் தாண்டி கனெக்‌ஷன் திறக்காது, நீங்க சர்வர் செத்துடுச்சுன்னு நினைச்சுக்குவீங்க.

2. முதல்ல லாக், அப்புறம்தான் மத்ததெல்லாம்

என்ஜின்எக்ஸ் வழக்கமா எழுதற லாக்ல எவ்ளோ நேரம் ஆச்சுன்னே இருக்காது. ரெக்வெஸ்ட் டைம் (மொத்த நேரம்), அப்ஸ்ட்ரீம் ரெஸ்பான்ஸ் டைம் (பின்னாடி பிஎச்பி எடுத்த நேரம்) ரெண்டையும் லாக் ஃபார்மேட்ல சேருங்க. ஹெச்ஏபிராக்ஸி லாக்ல ஹெச்டிடிபி ஃபார்மேட் போட்டா ஒவ்வொரு ரெக்வெஸ்டும் வரிசையில எவ்ளோ மில்லி செகண்டு நின்னுச்சு, சர்வர் எவ்ளோ எடுத்துச்சுன்னு தனித்தனியா வரும், எந்த சர்வருக்குப் போச்சுன்னும் அதே லைன்ல இருக்கும்.

இது ஏன் முதல்லன்னா, சர்வர் மெதுவா இருக்கறது ஒரு வியாதி, சர்வர் வேகமா இருந்தும் வரிசையில நிக்கிறது வேற வியாதி, பயனாளிக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும், சுத்திக்கிட்டே இருக்கும். மருந்து ரெண்டுக்கும் வேற வேற.

புதுசா வர்றவங்க சராசரியைப் பார்த்துட்டு "0.3 செகண்டுதான் அண்ணா, நல்லாத்தான் இருக்கு"ன்னு சொல்வாங்க. சராசரியை விட்டுடுங்க. நூத்துல 95 பேருக்கு எவ்ளோ நேரத்துக்குள்ள பதில் போச்சு, 99 பேருக்கு எவ்ளோன்னு பாருங்க. போன் பண்ணித் திட்டறவங்க அந்தக் கடைசி அஞ்சு பேர்லதான் இருக்காங்க. அதுவும் பக்கம் வாரியா பிரிச்சுப் பாருங்க, படம் 2 மில்லி செகண்டுல போகும், புக்கிங் 400 ஆகும், ரெண்டையும் கலந்தா புக்கிங்கோட வலி மறைஞ்சு போயிடும்.

3. ஒரே ஒரு சர்வர் எவ்ளோ தாங்கும்னு கண்டுபிடிங்க

இதுதான் இந்த வேலையோட உசுரு. இதைத் தாண்டிக் குதிச்சவங்க எல்லாரும் திரும்பி இங்கதான் வந்து நிக்கிறாங்க.

கணக்கு ரொம்ப சின்னது. 1961-ல ஜான் லிட்டில் நிரூபிச்சது: உள்ள இருக்கறவங்க எண்ணிக்கை = செகண்டுக்கு வர்றவங்க × ஒருத்தர் உள்ள இருக்கற நேரம். எஃப்பிஎம்ல 20 வொர்க்கர் (ஒவ்வொண்ணும் ஒரு நேரத்துல ஒரு ரெக்வெஸ்டைத்தான் பார்க்கும்), ஒரு புக்கிங்குக்கு 0.25 செகண்டுன்னா 20 ÷ 0.25, அதாவது செகண்டுக்கு 80. இது கூரை, இதுக்கு மேல எந்த மந்திரமும் கிடையாது.

ஆனா கூரை வரைக்கும் நிரப்பக் கூடாது. ஒரே ஆள் வேலை செய்யற சாதாரண வரிசைக்கு இருக்கற கணக்குப்படி, பாதி நிரம்பினா வேலைக்கு ஆகற நேரம் 2 மடங்கு, 80 சதவீதம் நிரம்பினா 5 மடங்கு, 90-ல 10 மடங்கு. 20 வொர்க்கர் இருந்தா இவ்ளோ மோசமா போகாது, ஆனா வளைவு அதே வளைவுதான். நம்ம டோல்கேட்ல ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நின்னிருக்கீங்கன்னா இது உங்களுக்குப் புதுசு இல்ல. பத்து நிமிஷம் முன்னாடி வரைக்கும் சும்மா போயிட்டிருந்த லேன், கொஞ்சமே கொஞ்சம் வண்டி கூடினதும் அசையவே அசையாது.

டெஸ்ட் பண்ற முறை: பேலன்சர்ல இருந்து ஒரு சர்வரைப் பிரிச்சு எடுத்து, கே6 மாதிரி லோடு டெஸ்ட் டூல்ல நிலையான வருகை வேகம் வெச்சு 20, 30, 40-ன்னு ஏத்திக்கிட்டே போங்க, ஒவ்வொரு படியிலயும் மூணு நிமிஷம் நிறுத்துங்க. 95-வது நேரம் (நூத்துல 95 பேருக்குப் பதில் போய்ச் சேர்ற நேரம்) எங்க திடீர்னு மேல வளையுதோ அதுக்கு முந்தின நம்பர்தான் உங்க சர்வரோட நிஜமான கொள்ளளவு. எங்களுக்குக் கணக்குப்படி 80, டெஸ்ட்ல 65-லயே வளைஞ்சிடுச்சு, சிபியு போதலை.

இங்க எல்லாரும் பண்ற தப்பு: "50 பேர் திரும்பத் திரும்ப அடிக்கட்டும்"னு வைக்கிறது. சர்வர் மெதுவானா அந்த 50 பேரும் பதிலுக்காகக் காத்துக்கிட்டு அடுத்த ரெக்வெஸ்டை அனுப்பவே மாட்டாங்க, லோடு தானா குறைஞ்சு சைட் நல்லா இருக்கற மாதிரி காட்டும். நிஜத்துல 10 மணிக்கு வர்ற கூட்டம் உங்க சர்வர் மெதுவா இருக்குன்னு வராம இருக்குமா? அதனாலதான் நிலையான வருகை வேகம்.

இப்ப அந்த நாலாவது சர்வர் கதை. போஸ்ட்கிரெஸ்ல மேக்ஸ் கனெக்‌ஷன்ஸ் சும்மா விட்டா 100. ஒரு வொர்க்கர் ஒரு இணைப்பைப் பிடிக்கும், மூணு சர்வர் × 20 வொர்க்கர் = 60, சரியா இருக்கு. ஒரு தம்பி பதட்டத்துல நாலாவது சர்வரும் போட்டு வொர்க்கரையும் 30 ஆக்கினார், மொத்தம் 120. டேட்டாபேஸ் 100-க்கு மேல வந்தவங்களை வெளிய தள்ள ஆரம்பிச்சுது, நல்லா ஓடிட்டிருந்த மூணு சர்வரும் சேர்ந்து எரர் காட்டுச்சு. 100-ஐ 300 ஆக்கினா சரியாயிடாது, எல்லா கனெக்‌ஷனும் அதே டிஸ்க்கையும் அதே சிபியுவையும்தான் பங்கு போட்டுக்கும். மைஎஸ்கியூஎல் வெச்சிருக்கவங்களுக்கு இதே வரம்பு 151.

கடைசியா ஒரு கணக்கு. மூணு சர்வர் × 65 = 195. ஆனா நீங்க உங்க ஆளுங்களுக்குச் சொல்ல வேண்டியது 130. ஏன்னா ஒண்ணு படுத்தாலும் மீதி ரெண்டு தாங்கணும், ஒரே மாதிரி மூணு வெச்சிருக்கறதே அதுக்குத்தான்.

4. வரம்பு போடுங்க, வரிசையை முன்னாடி நிறுத்துங்க

ஹெச்ஏபிராக்ஸியில ஒவ்வொரு சர்வருக்கும் மேக்ஸ்கான் (ஒரே நேரத்துல எத்தனை பேரை உள்ள விடறது) 18 போடுங்க. வொர்க்கர் 20 இருக்கே, ஏன் 18? மீதி ரெண்டு ஹெல்த் செக்குக்கு (சர்வர் உசுரோட இருக்கான்னு பேலன்சர் அப்பப்போ கேக்கறது). அது இல்லைன்னா என்ன ஆகும்னு ஆறாவது படியில வருது.

இப்போ வரிசை சர்வர் உள்ள இல்லாம பேலன்சர்ல நிக்கும். இதுல பெரிய லாபம், எந்த சர்வர் முதல்ல காலியாகுதோ அங்க அடுத்த ஆள் போகலாம். சர்வர் உள்ள போய் வரிசையில நின்னுட்டா அந்த சர்வர் படுத்தா அவங்களும் அதோட போச்சு.

டைம்அவுட் கியூ 3 செகண்டு வைங்க. அதுக்குள்ள இடம் கிடைக்கலைன்னா 503 (இப்ப முடியாதுங்கற பதில்) போகட்டும். இதைச் சொன்னா எல்லாருக்கும் மனசு வராது, "வந்தவங்களைத் திருப்பி அனுப்பறதா"ன்னு கேப்பாங்க. யோசிச்சுப் பாருங்க, செகண்டுக்கு 65 பேரை முடிக்கற சர்வர் முன்னாடி 1300 பேர் நின்னா கடைசி ஆளுக்கு 20 செகண்டு. அவர் 8 செகண்டுலயே ரெஃப்ரெஷ் அமுக்கிடுவார். பழைய ரெக்வெஸ்ட் உள்ள போயிருந்தா பிஎச்பிக்கு அவர் போனது தெரியாது, வேலையை முழுசா முடிச்சு யாருமில்லாத இடத்துல கொண்டு போய் வைக்கும். சர்வர் 100 சதவீதம் உழைக்கும், ஒருத்தருக்கும் பதில் போகாது.

என்ஜின்எக்ஸையே பேலன்சரா வெச்சிருக்கவங்களுக்கு ரெண்டு எச்சரிக்கை. இலவச வெர்ஷன்ல வரிசை நிறுத்தற வசதி கிடையாது. அப்புறம் மேக்ஸ் கான்ஸ் போடும்போது அப்ஸ்ட்ரீம்ல ஸோன் லைனைச் சேர்க்கலைன்னா அந்த வரம்பு என்ஜின்எக்ஸோட ஒவ்வொரு வொர்க்கர் ப்ராசஸுக்கும் தனித்தனி, 18-ன்னு போட்டு 4 ப்ராசஸ் ஓடினா 72 உள்ள போகும்.

படம், சிஎஸ்எஸ் எல்லாத்துக்கும் தனி பேக்எண்ட் (ஹெச்ஏபிராக்ஸியில தனி வரம்போட ஒரு சர்வர் குழு) வைங்க. இல்லைன்னா மாம்பழ போட்டோ டவுன்லோட் ஆகற வரைக்கும் அந்த 18 இடத்துல ஒண்ணு அடைஞ்சு கிடக்கும்.

5. யாரை எங்க அனுப்பறது

லீஸ்ட்கான் போடுங்க. யார்கிட்ட கூட்டம் கம்மியோ அங்க அடுத்தவர். ரவுண்டு ராபின் மூணு பேருக்கும் சமமா பிரிக்கும், ஆனா ஒரு சர்வர் பேக்கப் ஓட்டிக்கிட்டு மெதுவா இருந்தாலும் அதே பங்கை அங்க கொட்டிக்கிட்டே இருக்கும்.

ஐபி ஹாஷ் (வர்றவரோட ஐபி முகவரியை வெச்சு சர்வரைத் தேர்ந்தெடுக்கறது) வேண்டாம். மொபைல் நெட்வொர்க்ல ஆயிரக்கணக்கான ஆளுங்க ஒரே ஐபியில வெளிய வர்றாங்க, என்ஜின்எக்ஸ் ஐபி ஹாஷ் ஐபிவி4-ல முதல் மூணு பகுதியை மட்டும்தான் பார்க்குது, ஒரே கம்பெனி சிம் வெச்சிருக்கற பாதி ஜில்லா ஒரே சர்வர்ல போய் விழும். ஐபிக்கு இத்தனைதான்னு ரேட் லிமிட் போடறவங்களுக்கும் இதேதான், காவேரிப்பட்டணத்துல இருக்கற ஒரு வியாபாரியைத் தடுக்கறதா நினைச்சு பக்கத்து ஊரையே தடுத்துடுவீங்க. லாகின் ஐடி, இல்லைன்னா குக்கி வெச்சு லிமிட் பண்ணுங்க.

6. ஹெல்த் செக்

ஹெச்ஏபிராக்ஸி வழக்கமா 2 செகண்டுக்கு ஒரு தடவை கேக்கும், 3 தடவை தப்பினா வெளிய, 2 தடவை சரியா சொன்னா உள்ள. அந்த நம்பரெல்லாம் பரவாயில்ல, எதைக் கேக்கறோம்ங்கறதுதான் சிக்கல்.

ஹெல்த் பக்கம் டேட்டாபேஸைத் தொடக் கூடாது. தொட்டா, டேட்டாபேஸ் கொஞ்ச நேரம் திணறினதும் மூணு சர்வரும் ஒரே நேரத்துல செத்ததா முடிவாகும், மொத்த சைட்டும் போயிடும். பிஎச்பி உசுரோட இருக்கான்னு மட்டும் கேளுங்க. டேட்டாபேஸைத் தனியா கண்காணிங்க.

மேக்ஸ்கான் 18-ன்னு சொன்னதுக்கு காரணம் இதான்: 20 வொர்க்கரும் புக்கிங்ல மாட்டியிருந்தா ஹெல்த் செக்கும் பின்னாடி நிக்கும், பதில் வராது, பிஸியா இருக்கற சர்வரை செத்ததா நினைச்சு வெளிய எடுத்துடும், அதோட பங்கு மத்த ரெண்டு மேல விழும், அடுத்து அதுங்களும் விழும். என்ஜின்எக்ஸ் பேலன்சர்ல இது இன்னும் சுலபமா நடக்கும், மேக்ஸ் ஃபெயில்ஸ் வழக்கமா 1, ஒரே ஒரு டைம்அவுட்டுக்கே 10 செகண்டு ஒதுக்கி வெச்சுடும்.

லீஸ்ட்கானோட ஒரு ஆபத்தும் இருக்கு. டிஸ்க் நிரம்பின ஒரு சர்வர் 500 எரரை (உள்ள கோளாறுங்கற பதில்) 2 மில்லி செகண்டுல கொடுத்துக்கிட்டிருந்தா அதுகிட்ட எப்பவும் கூட்டமே இருக்காது, அதனால வர்றவங்க எல்லாரையும் அங்கயே அனுப்பும். எங்க லாக்ல ஒரு தடவை ஒரே சர்வர் பேர் பக்கம் பக்கமா வந்துட்டே இருந்துச்சு, ஒவ்வொரு லைன்லயும் 500, நேரம் 2, 2, 3, 2. அப்சர்வ் லேயர்7 (சர்வர் கொடுக்கற பதிலை ஹெச்ஏபிராக்ஸி கவனிக்கற செட்டிங்) ஆன் பண்ணுங்க, எரர் லிமிட்டைத் தாண்டினா அதை ஹெல்த் செக் ஃபெயிலா எண்ணிக்கும்.

7. டைம்அவுட், ரீட்ரை

உள்ள இருக்கறது சின்னதா, வெளிய போகப் போகப் பெருசா. டேட்டாபேஸ் குவெரிக்கு 3 செகண்டு, எஃப்பிஎம்ல 5, ஹெச்ஏபிராக்ஸி சர்வர் டைம்அவுட் 7. தலைகீழா வெச்சா பேலன்சர் கைவிட்ட வேலையை உள்ள டேட்டாபேஸ் இன்னும் செஞ்சுக்கிட்டிருக்கும்.

போஸ்ட்கிரெஸ்ல ஸ்டேட்மெண்ட் டைம்அவுட் வழக்கமா 0, அதாவது வரம்பே இல்ல, நீங்கதான் போடணும். பிஎச்பியில மேக்ஸ் எக்ஸிக்யூஷன் டைம் இருக்கேன்னு நம்பாதீங்க, லினக்ஸ்ல அது டேட்டாபேஸுக்காகக் காத்திருக்கற நேரத்தைக் கணக்குல எடுக்காது, 30-ன்னு போட்டும் 2 நிமிஷம் தொங்கும். எஃப்பிஎம்ல ரெக்வெஸ்ட் டெர்மினேட் டைம்அவுட் போட்டாதான் வேலை ஆகும்.

ரீட்ரை (தோத்த ரெக்வெஸ்டைத் தானா திரும்ப அனுப்பறது) ஒரே ஒரு இடத்துல மட்டும் இருக்கட்டும். ஆப்ல 3 தடவை, பேலன்சர்ல 3 தடவைன்னு வெச்சா ஒரு க்ளிக் 9 ரெக்வெஸ்ட் ஆகும், அதுவும் எப்போ, சர்வர் ஏற்கனவே திணறும்போது. கனெக்‌ஷனே கிடைக்கலைன்னா மட்டும் அடுத்த சர்வருக்கு ஒரு தடவை, அவ்ளோதான். புக்கிங், பேமெண்ட் மாதிரி போஸ்ட் ரெக்வெஸ்டைத் தானா திரும்ப அனுப்பவே கூடாது, ஒரே ஆளுக்கு ரெண்டு பெட்டி ரெண்டு பணம் ஆயிடும். பக்கம் திறக்கும்போதே ஒரு ஆர்டர் கீ (அந்த ஆர்டருக்கு மட்டுமான அடையாளம்) கொடுத்து, டேட்டாபேஸ்ல அந்த கீ யுனிக்னு வெச்சுட்டா, ஜனங்க பத்து தடவை பட்டனை அமுக்கினாலும் ஒரு ஆர்டர்தான்.

8. கேஷ்

விலைப்பட்டியல் பக்கத்தை வெறும் 5 செகண்டு கேஷ் பண்ணுங்க, அதாவது ஒரு தடவை தயார் பண்ணின பக்கத்தையே எடுத்து வெச்சு எல்லாருக்கும் கொடுங்க. செகண்டுக்கு 100 பேர் பார்த்தா 500 தடவை பிஎச்பிக்குப் போக வேண்டியது ஒரு தடவை போகும். என்ஜின்எக்ஸ்ல கேஷ் லாக், யூஸ் ஸ்டேல் அப்டேட்டிங் (ஒருத்தர் மட்டும் உள்ள போய்ப் புதுப்பிக்கும்போது மத்தவங்களுக்குப் பழைய பக்கத்தைக் கொடுக்கறது) ரெண்டையும் ஆன் பண்ணணும், இல்லைன்னா காலாவதியான அந்த நொடியில வந்தவங்க எல்லாரும் சேர்ந்து உள்ள பாய்வாங்க. லாகின் பண்ணின பக்கத்தைக் கேஷ் பண்ணிடாதீங்க, ஒருத்தர் அட்ரஸ் இன்னொருத்தருக்குத் தெரிஞ்சுடும்.

9. எல்லாருக்கும் இடம் இல்லாதப்போ யாருக்கு முதல்ல

பணம் கட்டற கட்டத்துல இருக்கறவரும் சும்மா விலை பார்க்க வந்தவரும் ஒண்ணு இல்ல. ஹெச்ஏபிராக்ஸி 1.9-ல இருந்து ப்ரையாரிட்டி க்ளாஸ் இருக்கு, வரிசையில நிக்கிறவங்கள்ல சின்ன நம்பர் முதல்ல போகும். எங்களுது: பேமெண்ட் திரும்பி வர்றது 1, கார்ட் வெச்சிருக்கறவங்க 2, மத்தவங்க 3, தேடுபொறி ரோபோ, ரிப்போர்ட் எடுக்கற ஸ்கிரிப்ட் எல்லாம் கடைசி. ஆபீஸ்ல இருக்கறவங்க காலையில 10 மணிக்கு ரிப்போர்ட் எடுக்கறதை 11-க்கு மாத்துங்க, இதை வாயால சொன்னாலே பாதி பாரம் குறையும்.

503 பக்கத்தை நல்லா எழுதுங்க. தமிழ்ல, "இப்ப கூட்டம் அதிகம், உங்க கார்ட் பத்திரமா இருக்கு, இந்தப் பக்கம் தானா திரும்ப முயற்சி பண்ணும்"னு. ரிட்ரை ஆஃப்டர் ஹெட்டர் (எவ்ளோ நேரம் கழிச்சு வரணும்னு சொல்றது) போடுங்க, ஆனா பிரவுசர் அதைப் பெருசா கண்டுக்காது, அதனால பக்கத்துலயே ஒரு சின்ன ஸ்கிரிப்ட் வேணும். அந்த நேரத்தை எல்லாருக்கும் 10 செகண்டுன்னு வைக்காதீங்க, 10-ல இருந்து 30-க்குள்ள ரேண்டமா, இல்லைன்னா திருப்பி அனுப்பின கூட்டம் அப்படியே பத்தாவது செகண்டுல ஒண்ணா வந்து நிக்கும்.

10. டேட்டாபேஸ் காப்பி

படிக்கறதுக்குன்னு ரெப்ளிகா (மெயின் டேட்டாபேஸோட நகல்) வெச்சிருந்தா ஒரு விஷயம். நெரிசல்ல அது மெயின் டேட்டாபேஸை விட சில செகண்டு பின்தங்கும். ஒரு அம்மா ஊத்தங்கரையில இருந்து போன் பண்ணி "பணம் போயிடுச்சு கண்ணு, ஆர்டரே காட்டலை"ன்னு அழற மாதிரி சொன்னாங்க. ஆர்டர் மெயின்ல இருந்துச்சு, அவங்க பார்த்த பக்கம் ரெப்ளிகாவுல இருந்து வந்துச்சு, 6 செகண்டு பின்னாடி. அந்த 6 செகண்டு அவங்களுக்கு எவ்ளோ பயமா இருந்திருக்கும்.

அதனால ஒருத்தர் எழுதினதுக்கு அப்புறம் அடுத்த 30 செகண்டு அவர் பார்க்கற டேட்டா மெயின்ல இருந்துதான் வரணும், செஷன்ல ஒரு நேரக் குறிப்பு வெச்சா போதும். பிஜி ஸ்டாட் ரெப்ளிகேஷன் வியூல ரீப்ளே லேக் (எவ்ளோ பின்தங்கியிருக்கு) பார்த்து அலாரம் வைங்க.

11. ஒத்திகை

சீசனுக்கு ரெண்டு வாரம் முன்னாடி, செகண்டுக்கு 130 லோடு ஓட்டிக்கிட்டே மூணு விஷயம் பண்ணுங்க.

ஒரு சர்வரை ஆஃப் பண்ணுங்க. மீதி ரெண்டும் தாங்கணும், கொஞ்சம் 503 வந்தாலும் 95-வது நேரம் பெருசா ஏறக் கூடாது.

அடுத்தது ஆஃப் பண்ணாம, டிசி நெட்எம் (லினக்ஸ்ல நெட்வொர்க்கை வேணும்னே மெதுவாக்கற டூல்) வெச்சு ஒரு சர்வருக்கு அரை செகண்டு தாமதம் கொடுங்க. செத்த சர்வரை விட மெதுவான சர்வர்தான் அதிகம் கெடுக்கும், யாரும் இதை டெஸ்ட் பண்றதில்ல. டைம்அவுட் வரிசை சரியா இருக்கான்னு இங்கதான் தெரியும்.

மூணாவது, லோடை 300-க்கு ஏத்துங்க. 130 பேருக்குக் குறையாம பதில் போய்க்கிட்டே இருக்கணும், மீதி பேருக்கு 3 செகண்டுல அந்தத் தமிழ்ப் பக்கம் வரணும். பதில் போறது 130-ல இருந்து 40-க்கு இறங்கினா எங்கயோ ஒரு வரம்பு விட்டுப் போயிருக்கு, நாலாவது படிக்குத் திரும்பிப் போங்க.

படுத்த சர்வரைத் திரும்ப உள்ள எடுக்கும்போது ஸ்லோஸ்டார்ட் (கூட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தறது) 60 செகண்டு போட்டு எடுங்க, இல்லைன்னா கேஷ் காலியா இருக்கற சர்வர் மேல மொத்தக் கூட்டத்தையும் லீஸ்ட்கான் ஒரே நொடியில கொட்டிடும். நாங்க இதை மறந்த அன்னிக்கு எழுப்பின சர்வர் 9 செகண்டுல திரும்பப் படுத்துச்சு.